கல்லூரிக்குப் போகும் முன் ஆய்வு செய்யப் பழகுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுத்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது கும்பகோணத்தில் ஒரு கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து, தேடுவது, சரிபார்ப்பது, எழுதுவது என்று பழக்கிக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளும் பெற்றோரும், சில நேரம் சக ஆசிரியர்களும், கேட்ட சந்தேகங்களையே திரும்பக் கேட்பதால் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஆய்வு என்பது பிஎச்.டி. படிப்பவர்கள் செய்வதுதானே டீச்சர்? எங்களுக்கு எதற்கு?

பதில் தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, பதிலைத் தேடி, தேடிய வழியையும் எழுதிவைப்பதுதான் ஆய்வு. வழியை எழுதிவைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. நீ சொன்ன பதிலை நம்பாத ஒருவர், நீ போன வழியிலேயே போய்ப் பார்த்துவிட்டு "சரிதான்" என்றோ "இந்த இடத்தில் தவறிவிட்டாய்" என்றோ சொல்ல முடிய வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை. "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

பள்ளியில் புராஜெக்ட் செய்கிறோமே, அது போதாதா?

பள்ளி புராஜெக்ட் எப்படி நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முந்தின நாள் இரவு எட்டரை மணிக்குப் பிள்ளைக்கு நினைவு வரும். அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு கடை மூடுவதற்குள் பிரவுசிங் சென்டருக்கு ஓடுவார். கடைக்காரர் ஏற்கெனவே நாற்பது பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்த அதே பக்கங்களை அச்சிட்டு ஸ்பைரல் போட்டுக் கொடுப்பார். அட்டைப்படத்துக்குத் தனிக் காசு. இந்த விவகாரத்தில் யாராவது எதையாவது கற்றுக்கொண்டார்கள் என்றால் அது அந்தக் கடைக்காரர்தான்.

குறை பிள்ளைகளுடையது அல்ல. "உலக வெப்பமயமாதல் பற்றி எழுதி வா" என்றால் அதில் கேள்வியே இல்லை. கேள்வி இல்லாத இடத்தில் தேட என்ன இருக்கிறது?

நீட், ஜேஇஇ என்று ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இதற்கெல்லாம் ஏதம்மா நேரம்?

பெற்றோர் கேட்பதில் முதலிடம் இதற்குத்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நேரம் இல்லை என்பது உண்மை. அதனால் நான் அந்தப் பிள்ளைகளைச் சேர்ப்பதே இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து மேல்நிலை தொடங்கும் வரை இருக்கும் கோடை விடுமுறை இதற்கு நல்ல காலம். பதினோராம் வகுப்பிலும் வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம்.

கல்லூரியில் முதல் பருவத்திலேயே "ஒரு தலைப்பில் செமினார் கொடு" என்பார்கள். பன்னிரண்டு ஆண்டு, பாடப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை அங்கே போய்த் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் படித்து முதல் மதிப்பெண் வாங்கிய ஒரு பெண், கல்லூரி நூலகத்தில் எந்த அலமாரிக்குப் போவது என்று தெரியாமல் வெளியே வந்துவிட்டதாகச் சொன்னாள். அவள் கெட்டிக்காரிதான். நாங்கள்தான் அவளுக்கு அதைக் காட்டவில்லை.

எந்த வயதில் தொடங்கலாம்?

பத்து வயதில் தொடங்கலாம். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு வயது வரம்பே 10 முதல் 17 வரைதான். உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து ஆராய்ந்து வர வேண்டும் என்பது அதன் முறை. உங்கள் பள்ளியில் யாராவது இதற்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்களா என்று அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். அனுப்பவில்லை என்றால், ஏன் என்றும் கேளுங்கள்.

"நீர் மாசுபாடு" என்று தலைப்பு எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் அது தலைப்பு மட்டுமே. கேள்வியாக மாறும்வரை அதை உரித்துக்கொண்டே போக வேண்டும். எங்கள் வகுப்புக்கு வந்த ஒரு பதினோராம் வகுப்புப் பெண்ணின் கதையைச் சொல்கிறேன். இந்தப் பக்கம் முழுக்க அவள் வருவாள், ஆகையால் "குளத்துப் பெண்" என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம் அவள் எழுதிவந்தது "நீர் மேலாண்மை". எந்த நீர் என்றேன். "குளத்து நீர்" என்றாள். எந்தக் குளம்? எங்கள் ஊரில் கோயில் குளங்களுக்குப் பஞ்சம் இல்லை. "எங்கள் தெருக் கோடியில் இருப்பது." அதில் உனக்கு என்ன தெரிய வேண்டும்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பாட்டி அதில்தான் நீச்சல் பழகினாராம். இப்போது ஐப்பசி மழைக்குக்கூட முழங்கால் அளவுதான் நிற்கிறது" என்றாள். அதுதான் கேள்வி. இரண்டாம் வாரம் நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் தெருக் குளத்துக்கு முன்பு தண்ணீர் எந்த வழியாக வந்தது? அந்த வழி எப்போது, எதனால் அடைபட்டது?"

இந்தக் கேள்விக்குப் பதில் எந்த நோட்ஸிலும் இல்லை. ஆனால் நடந்து போய்ப் பார்க்கலாம், பதிவேட்டில் தேடலாம், ஆட்களிடம் கேட்கலாம். ஒரு பள்ளிப் பிள்ளையால் மூன்று மாதத்தில் முடிக்க முடியும். கேள்வியை நான் மூன்று விதத்தில் சோதிப்பேன். உன் சைக்கிள் போகும் தூரத்தில் பதில் இருக்கிறதா? "ஆம்", "இல்லை" என்று ஒரு சொல்லில் முடிந்துவிடுமா? பதில் இப்போதே உனக்குத் தெரியுமா? தெரியும் என்றால் வேறு கேள்வி எடு.

கேள்வி கிடைத்துவிட்டது. முதலில் கூகுளா, நூலகமா?

இரண்டுக்கும் முன்னால் நோட்டு. ஒரு பக்கத்தில் இப்போது உனக்குத் தெரிந்தது, மறுபக்கத்தில் உன் ஊகம். தேதி போட்டு எழுது. குளத்துப் பெண், "அடுக்குமாடி கட்டியவர்கள் வாய்க்காலை மூடிவிட்டார்கள்" என்று முதல் பக்கத்திலேயே எழுதினாள். அந்த ஊகத்துக்கு என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அதன் பிறகு இணையத்தில் அரை மணி நேரம் மேலோட்டமாகப் பார். யார் எழுதியிருக்கிறார்கள், என்ன சொற்களில் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அது. அந்தச் சொற்களோடு நூலகத்துக்குப் போ. நூலகரிடம் "குளத்தைப் பற்றிப் புத்தகம் இருக்கிறதா?" என்று கேட்டால் அவர் விழிப்பார். "தஞ்சை மாவட்டப் பாசன வாய்க்கால் பற்றி, பழைய மாவட்ட விவரச்சுவடி மாதிரி ஏதாவது?" என்று கேட்டால் எழுந்து வருவார்.

கிளை நூலகத்தில் இல்லாததற்கு வேறு இடங்கள் உண்டு. சென்னை கன்னிமாரா நூலகம் 1896ல் திறந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும். பழைய தமிழ் அச்சு நூல்களுக்கும் இதழ்களுக்கும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தஞ்சை சரசுவதி மகால் ஒரு பஸ் பயணம்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், கோயில் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் நுழைவதில்லை.

தமிழில் தேடினால் இணையத்தில் ஒன்றுமே வருவதில்லையே?

வருகிறது. நாம் ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுகிறோம். கும்பகோணத்துக்குக் குடந்தை என்றும் பெயர். தேவாரத்தில் குடமூக்கு. வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்களில் "கே" எழுத்தில் அல்லாமல் "சி" எழுத்தில் தொடங்கும். தஞ்சாவூரை "டாஞ்சூர்" என்று எழுதினார்கள். திருபுவனம், திருப்புவனம், திரிபுவனம் மூன்றும் ஒரே ஊருக்குப் புழங்குகின்றன. திருப்புவனம் என்று சிவகங்கைப் பக்கம் வேறு ஊரும் உண்டு. எனவே தேடுவதற்கு முன் நோட்டில் ஒரு "பெயர்ப் பட்டியல்" போட்டுவிடுவோம். பழைய பெயர், இன்றைய பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல் இரண்டு மூன்று.

அடுத்தது, முழுத் தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது. அப்படிச் செய்தால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் இருக்கும் பக்கங்கள் முன்னால் வரும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்ட அன்று பிள்ளைகள் அடையும் மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தடை, பழைய நூல்கள் வெறும் படங்களாக ஸ்கேன் செய்யப்பட்டிருப்பது. படத்தில் இருப்பதை எழுத்தாக மாற்றும் எழுத்துணரிக்குப் பிடிபடாத பக்கத்தைத் தேடுபொறி காட்டாது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நூலின் பெயரை வைத்துத் தேடிப் பிடித்து, பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும். பழந்தமிழ் நூல்களின் பாடம் மட்டும் போதும் என்றால், 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த வடிவமே கிடைக்கும். 1978க்கு முந்தைய அச்சு என்றால் பிள்ளைகள் "லை", "ணை", "றா" முதலிய எழுத்துகளில் தடுக்கி விழுவார்கள். அந்த ஆண்டு எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முன் "லை"யில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொக்கி முன்னால் இருக்கும். ஒரு பழைய பத்திரிகையைக் கையில் கொடுத்து ஒரு மணி நேரம் உரக்கப் படிக்கச் சொன்னால் பழகிவிடும்.

விக்கிப்பீடியாவைப் பார்க்கலாமா கூடாதா? ஒவ்வொரு டீச்சரும் ஒவ்வொன்று சொல்கிறீர்கள்.

பார்க்கலாம். ஆதாரமாகக் காட்டக் கூடாது. கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களுக்குப் போய், அந்த மூலத்தைத் திறந்து, அதில் உண்மையிலேயே அப்படி இருக்கிறதா என்று பார்த்து, அந்த மூலத்தைக் காட்டு. 2003 முதல் இருக்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் பல கட்டுரைகளுக்கு அடிக்குறிப்பே இருக்காது. அப்படிப்பட்ட கட்டுரையைத் தெருப் பேச்சாக எடுத்துக்கொள். மேலே "வரலாறு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எந்த வரியை யார் எந்தத் தேதியில் சேர்த்தார்கள் என்பதை அது காட்டும். பாடப்புத்தகத்தில்கூட இந்த வசதி கிடையாது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் தந்துவிடுகிறதே? பிறகு எதற்கு இத்தனை பாடு?

சென்ற ஆண்டு ஒரு பையன், காவிரிப் படுகைப் பாசனம் பற்றி ஐந்து நூல்களின் பட்டியலை அப்படித்தான் வாங்கி வந்தான். ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் கச்சிதமாக இருந்தன. நூலகப் பட்டியல்களில் ஒவ்வொன்றாகத் தேடினோம். இரண்டுதான் இருந்தன. மற்ற மூன்றும் யாரும் எழுதாத நூல்கள். பையனுக்கு வந்த கோபத்தைவிட, அவை இருக்கும் என்று நானும் கொஞ்ச நேரம் நம்பியதுதான் எனக்கு வருத்தம்.

இந்தச் செயலிகள் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. சரியாக இருக்கும்போதும் தவறாக இருக்கும்போதும் அவற்றின் குரல் ஒன்றுதான். நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு இது: தேடுவதற்கான சொற்களைக் கேட்கலாம், புரியாத ஆங்கிலப் பத்தியை விளக்கச் சொல்லலாம், உன் கேள்வியில் ஓட்டை இருக்கிறதா என்று கேட்கலாம். ஒரு தகவலையோ நூற்பெயரையோ மட்டும் அங்கிருந்து நேராக எடுக்கக் கூடாது. எதற்குப் பயன்படுத்தினாய் என்பதை நோட்டில் எழுதிவிட வேண்டும். மறைத்தால்தான் தப்பு.

எது நம்பகமான தகவல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது" என்ற செய்தி வராத கைப்பேசி இருக்காது. அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, வேரைத் தேடி வரச் சொல்வேன். யார் அறிவித்தது? எந்தத் தேதி? யுனெஸ்கோவின் தளத்தில் இருக்கிறதா? பிள்ளைகள் நூறு இடங்களில் அந்தச் செய்தியைக் கண்டுபிடித்துவிட்டு, ஓர் இடத்திலும் மூலத்தைக் காணாமல் திரும்பி வருவார்கள். அப்படி ஒரு விருதே யுனெஸ்கோவில் கிடையாது.

நூறு இடத்தில் இருப்பதால் நூறு சான்று ஆகிவிடாது. ஒரே செய்தி நிறுவனம் கொடுத்ததை மூன்று நாளிதழ்கள் போட்டால் அது ஒரு சான்றுதான். மூன்றும் தனித்தனி ஆட்களால் தனித்தனியாக அறியப்பட்டதா என்று பார். மனத்துக்கு மிகவும் பிடித்த செய்தி என்றால் இரண்டு மடங்கு சந்தேகப்படு. நம் மொழியின் பெருமை, நம் ஊரின் பழமை என்று வரும்போது நான் உட்பட எல்லோரும் வழுக்கி விழுகிறோம்.

முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று, இந்த வித்தியாசம் மட்டும் மண்டையில் ஏறவில்லை டீச்சர்.

நாகேசுவரன் கோயில் சுவரில் இருக்கும் சோழர் கல்வெட்டு முதன்மைச் சான்று. அதைப் படித்து ஒருவர் எழுதிய வரலாற்று நூல் இரண்டாம் நிலை. இதுவரை எளிது. குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஒரே நூல் இரண்டாகவும் இருக்கலாம். 1906ல் எமிங்வே என்ற அதிகாரி எழுதிய தஞ்சாவூர் மாவட்ட கெஜட்டீரை, அதாவது மாவட்ட விவரச்சுவடியை, எடுத்துக்கொள். அவர் காலத்து வாய்க்கால்கள், சந்தைகள் பற்றி அவர் சொல்வது முதன்மைச் சான்று. அதே நூலில் சோழர்களைப் பற்றி அவர் சொல்வது இரண்டாம் நிலை. "எதற்குச் சான்று?" என்று சேர்த்துக் கேட்டால் மண்டையில் ஏறிவிடும்.

இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொன்னால் எதை எழுதுவது?

இரண்டையும் எழுது. உ.வே.சாமிநாதையர் எங்கள் ஊர்க் கல்லூரியில் வேலை பார்த்தவர். 1880ல் இங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை. அந்த "இல்லை"யிலிருந்து தொடங்கி, ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டு, 1887ல் நூலைப் பதிப்பித்தார். சுவடிக்குச் சுவடி சொற்கள் மாறின. பொருந்துவது எது என்று முடிவு செய்து எழுதினார், மற்றதைத் தூக்கி எறியாமல் பாடபேதம் என்று குறித்துவைத்தார்.

பள்ளிப் பிள்ளையும் அதையே செய்யலாம். இரண்டில் எது சம்பவத்துக்கு நெருக்கமான காலத்தில் எழுதப்பட்டது, எழுதியவருக்கு நேரில் தெரியுமா, ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினாரா என்று பார்த்து, ஒன்றின் பக்கம் சாயலாம். சாய்ந்த காரணத்தை எழுத வேண்டும். மற்றதை அடிக்குறிப்பில் வைக்க வேண்டும். முடிவு செய்ய முடியவில்லை என்றால் அதையே எழுது, மதிப்பெண் குறையாது. குறைக்கும் ஆசிரியரை என்னிடம் அனுப்பு.

தாத்தா, பாட்டி சொல்வதை ஆதாரமாக எடுக்கலாமா? வயதானவர்கள் மறந்துபோய் ஏதாவது சொல்வார்களே?

எடுக்கலாம், ஆனால் கேட்கும் விதம் வேறு. "எந்த வருஷம் அப்பாயி?" என்றால் "ரொம்ப நாளாச்சு" என்பார்கள். குளத்துப் பெண்ணுக்கு நான் சொல்லிக்கொடுத்தது, மாமாங்கத்தை வைத்துக் கேட்பது. எங்கள் ஊரில் மகாமகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. 1980, 1992, 2004, 2016 என்று யாருக்கும் மறக்காத மைல்கல்கள். "வாய்க்காலில் தண்ணீர் வருவது நின்றுபோனது ஜெயலலிதா வந்த மாமாங்கத்துக்கு முன்னாலா, பின்னாலா?" என்றதும் மூன்று வீட்டுப் பெரியவர்கள் "முன்னால்தான்" என்றார்கள். 1992க்கு முன். மேலும் நெருக்க, 1987ல் எம்.ஜி.ஆர். இறந்ததற்கு முன்னா பின்னா என்று கேட்டாள். அங்கே இருவர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம். சரி, அது அடிக்குறிப்புக்குப் போனது.

மூவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். திண்ணையில் ஒன்றாக உட்கார வைத்தால் குரல் பெரிதாக இருப்பவர் சொன்னதே மூவர் நினைவும் ஆகிவிடும். கைப்பேசியில் பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேள். பெயரைப் போடலாமா என்றும் கேள். அவர்கள் ஒருவரைத் திட்டிச் சொன்னதை அறிக்கையில் ஏற்றாதே.

கணக்கெடுப்பு எடுக்க எத்தனை வீடு கேட்க வேண்டும்?

எண்ணிக்கைக்கு முன் கேள்வியைச் சரிசெய். ஒரு பையன் தன் தெருவில் "நீங்கள் தண்ணீரை வீணாக்குகிறீர்களா?" என்று முப்பது வீட்டில் கேட்டான். முப்பது வீட்டிலும் "இல்லை". உலகத்தில் இதற்கு "ஆம்" என்று சொல்லும் வீடு உண்டா? மறுவாரம் கேள்வியை மாற்றினோம்: "நேற்று எத்தனை குடம் பிடித்தீர்கள்? எத்தனை குடம் மிச்சம் இருந்தது?" குடம் என்பதும் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால், ஒரு லிட்டர் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போய், ஒவ்வொரு வீட்டுக் குடமும் எத்தனை லிட்டர் என்று ஊற்றி அளந்தான். ஒரு வீட்டு அம்மா, "கணக்கு எடுக்க வந்தவன் என் தண்ணீரைக் கொட்டுகிறான்" என்று விரட்டினார். ஆனால் அவன் கையில் இருந்தது இப்போது ஒரு நிஜமான எண்.

எத்தனை வீடு என்றால், தெரு சிறியது எனில் எல்லா வீடும். பெரியது எனில் நான்காவது, எட்டாவது, பன்னிரண்டாவது என்று ஒழுங்காக எடு. உன் நண்பர்களின் வீடாகப் பார்த்துப் போகாதே. ஐந்து வீட்டைக் கேட்டுவிட்டு "60 சதவீதம்" என்று எழுதாதே. "ஐந்தில் மூன்று" என்று எழுது.

அரசுப் புள்ளிவிவரம் எங்கே கிடைக்கும்? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மாவட்டவாரியாக வெளியிடும் கையேட்டில் ஒவ்வொரு கிராமத்துக்கும் பள்ளி, குடிநீர், சாலை விவரம்கூட இருக்கிறது. ஆனால் 2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், கையில் இருக்கும் முழு விவரம் 2011ஆம் ஆண்டுடையது. கும்பகோணம் மக்கள்தொகை 1,40,156 என்று எழுதினால் பக்கத்திலேயே "2011, நகராட்சி" என்று எழுது. 2021ல் ஊர் மாநகராட்சி ஆகி எல்லையும் விரிந்தது. எல்லை மாறிய ஊரின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "வளர்ச்சி" என்று கோடு போடுவது பெரியவர்களும் செய்யும் தவறு.

நிலம் பற்றியது என்றால் அ-பதிவேடு என்னும் வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு. சர்வே எண்ணை வைத்து இணையத்திலேயே பார்க்கலாம். ஓர் இடம் குளமா, வாய்க்காலா, நத்தமா என்று அதில் வகை போட்டிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொள். பெற்றோர் பெயரில் போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "குளத்தைப் பற்றி விவரம் தரவும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. எந்த ஆவணம், எந்த ஆண்டு, எந்த சர்வே எண் என்று கேட்க வேண்டும்.

குறிப்பு எடுக்கும்போது எல்லாம் குழம்பிவிடுகிறது. எது யார் சொன்னது என்றே தெரிவதில்லை.

ஒரு தாளில் ஒரு செய்தி. மேலே நூல், பக்க எண். அப்படியே பார்த்து எழுதியது என்றால் மேற்கோள் குறி, உன் சொல்லில் எழுதியது என்றால் குறி இல்லை, உன் சொந்த யோசனை என்றால் வேறு நிற மை. பக்க எண்ணை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதே. அந்தப் பிறகு வரும்போது புத்தகத்தை வேறு யாராவது எடுத்துப் போயிருப்பார்கள்.

காப்பி அடிப்பது என்றால் எது வரை? சொற்களை மாற்றி எழுதினால் போதாதா?

போதாது. "பெரிய" என்பதை "மாபெரும்" என்று மாற்றி, வாக்கியத்தின் எலும்பை அப்படியே வைத்தால் அது காப்பிதான். ஒரு பத்தியைப் படி, புத்தகத்தை மூடு, பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு வாயால் சொல், சொன்னதை எழுது. எழுதிய பிறகு திறந்து தகவலை மட்டும் சரிபார். உன் சொல்லில் எழுதினாலும் யோசனை அவருடையது என்றால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் இது விளையாட்டு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் என் அனுபவத்தில் மென்பொருள் தேவையே இல்லை. "இந்த வரிக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் போதும்.

சான்றுப் பட்டியலில் குடும்பப் பெயரை முதலில் போடச் சொல்கிறார்கள். நமக்குத்தான் குடும்பப் பெயரே இல்லையே?

நல்ல கேள்வி. ஆங்கில வழிகாட்டிகள் அவர்கள் ஊர்ப் பெயர்களுக்காக எழுதப்பட்டவை. நம் பெயரில் முன்னால் நிற்பது ஊர் அல்லது அப்பாவின் முதலெழுத்து. பட்டியலில் இயற்பெயரை முன்வைத்து முதலெழுத்தைப் பின்னால் தள்ளு: "சாமிநாதையர், உ.வே." அகரவரிசையில் இவர் "சா"வில் வருவார், "உ"வில் வரமாட்டார். புனைபெயர் என்றால் நூலின் அட்டையில் இருப்பது போலவே எழுது. எந்த முறையை எடுத்தாலும் பட்டியல் முழுக்க அதையே பின்பற்று.

நான் நினைத்ததற்கு நேர்மாறாக வந்துவிட்டது டீச்சர். என் புராஜெக்ட் தோல்விதானே?

குளத்துப் பெண் கண் கலங்கி நின்று கேட்டது இது. அவள் முதல் பக்கத்தில் அடுக்குமாடிக்காரர்கள்மேல் பழி போட்டிருந்தாள் அல்லவா? வாய்க்கால் வழியைப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டு தம்பியோடு நடந்தே போனாள். அடுக்குமாடிக்கு வெகு முன்னதாகவே, ரோட்டை உயர்த்திய இடத்தில், வாய்க்காலின் கண், தண்ணீர் புகுந்து போகும் துவாரம், மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. அடுக்குமாடியின் கல்வெட்டில் இருந்த ஆண்டு 2006. பெரியவர்கள் சொன்ன கணக்குப்படி தண்ணீர் 1992க்கு முன்பே நின்றுவிட்டது. கட்டடம் வருவதற்கு முன்பே குளம் காய்ந்துவிட்டது.

தன் ஊகம் தவறு என்று தானே நிரூபித்திருக்கிறாள். இதைவிட ஒரு பள்ளிப் பிள்ளையிடம் என்ன எதிர்பார்ப்பது? முதல் பக்கத்து ஊகத்தை அழிக்காமல் அப்படியே அறிக்கையில் போடச் சொன்னேன். கிழித்துவிட ஆசைப்பட்டாள். விடவில்லை.

ஆங்கிலம் சரியாக வராது. தமிழில் செய்தால் மதிப்பார்களா?

யோசிப்பது தமிழில் என்றால் தமிழில் எழுது. ஆனால் ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகத்தான் வேண்டும். மேலே சொன்ன கெஜட்டீர் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அகராதியோடு நாளைக்கு ஒரு பக்கம் போதும்.

எனக்கே ஆய்வு செய்து பழக்கமில்லை. நான் எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது?

ஓர் இளம் ஆசிரியர் கேட்டது. பிள்ளை கேட்கும் கேள்விக்கு "எனக்குத் தெரியாது, வா பார்ப்போம்" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை நாக்கு எழாது. எனக்குப் பதினைந்து வருடம் பிடித்தது.

எழுதி முடித்த அறிக்கையை என்ன செய்வது?

மூன்று பிரதி. ஒன்று பள்ளிக்கு, ஒன்று கிளை நூலகத்துக்கு, ஒன்று தகவல் சொன்னவர்களுக்கு. படிக்க முடியாதவர்களுக்கு உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். குளத்துப் பெண் தன் பாட்டிக்குப் படித்துக் காட்டியபோது, நான்காம் பக்கத்தில் அவர் நிறுத்தினார். "கிழக்குப் படித்துறை இல்லைடி, தெற்கு. கிழக்கில் பாசி, யாரும் இறங்கமாட்டோம்." நூலகத்துப் பிரதியைத் திரும்ப வாங்கி, மூன்றிலும் பேனாவால் அடித்துத் திருத்தி, ஓரத்தில் தேதியும் பாட்டியின் பெயரும் எழுதிக் கொடுத்தாள்.